கிரேக்கத் தீவில் கப்பலும் கடைத்தெருவும்: வாசகர் கேள்வி–பதில்

ஜேர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் வாழும் பிள்ளைகள் பெற்றோரை வரவழைத்து, கோடை விடுமுறையில் ஒரு கிழமை கிரேக்கத் தீவொன்றுக்கு அழைத்துச் செல்லவிருப்பதாகப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். எந்தக் காட்சி அழகானது என்று இவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கப்பல் எங்கே ஏறுவது, பாண் எங்கே வாங்குவது, மாத்திரை தீர்ந்துபோனால் யாரிடம் போவது என்றுதான் கேட்கிறார்கள். அறிமுகமில்லாத தீவில் ஒரு நாள் நிம்மதியாகக் கழிவதும் கழியாததும் இத்தகைய விடயங்களில்தான் தங்கியிருக்கிறது என்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஜேர்மனியிலுள்ள மகன் ஒகஸ்ட் மாதத்தில் நக்சோஸ் தீவில் வீடு எடுத்திருக்கிறான். நானும் மனைவியும் கொழும்பிலிருந்து ஏதென்ஸுக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் போகவேண்டும். திரும்பும்போது காலையில் தீவிலிருந்து கப்பல், அன்றிரவே கொழும்புக்கு விமானம் என்று ஏற்பாடு. இது சரிவருமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்)

பதில்: ஐயா, உங்கள் ஏற்பாட்டில் மாற்றவேண்டியது அந்தக் கடைசி நாளைத்தான். தீவிலிருந்து கப்பலில் வரும் நாளிலேயே விமானம் ஏறுவதாக வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாளே ஏதென்ஸுக்கு வந்து, ஓர் இரவு தங்கி, மறுநாள் புறப்படுங்கள். ஓர் இரவு அறை வாடகை மேலதிகச் செலவுதான். ஆனால் விமானத்தைத் தவறவிட்டால் இரண்டு புதிய பயணச்சீட்டுகள் வாங்கவேண்டியிருக்கும்.

காரணம் காற்று. கோடையில், குறிப்பாக யூலை, ஒகஸ்ட் மாதங்களில், ஈஜியன் கடலின் மேல் வடக்கிலிருந்து மெல்தேமி என்ற காற்று வீசுகிறது. பால்கன் பக்கம் உயர் அமுக்கமும் துருக்கியின் மேல் தாழமுக்கமும் நிலைகொள்வதால் உண்டாகும் காற்று அது. நம் மலைகளில் பெருங்காற்று என்றால் கூடவே மழையும் இருட்டும் வரும். மெல்தேமியோ வெயில் பளீரென்று எறிக்கும் நாளிலேயே கடலைக் கொந்தளிக்க வைக்கும், சில வேளைகளில் நாட்கணக்கில் ஓயாது. காற்றின் வேகம் போஃபோர்ட் அளவில் எட்டை நெருங்கும்போது துறைமுக அதிகாரிகள் கப்பல்கள் புறப்படுவதைத் தடைசெய்வது வழக்கம். சிறிய அதிவேகக் கப்பல்களை அதற்கு முன்னரே நிறுத்திவிடுவார்கள். தடை எப்போது நீங்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. அப்படி நின்றுபோன பயணத்துக்குச் சீட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது அடுத்த கப்பலில் இடம் கேட்கலாம். ஆனால் வானிலையால் நேர்ந்த தாமதத்துக்கு, ஐரோப்பிய விதிகளின்படி, தங்குமிடச் செலவைக் கப்பல் நிறுவனம் ஏற்கவேண்டியதில்லை. இந்தத் தடையைக் குறித்து யாரும் சலித்துக்கொள்ளக்கூடாது என்பது என் எண்ணம். 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு, பலத்த காற்றில் சென்ற எக்ஸ்பிரஸ் சமீனா என்ற பயணிகள் கப்பல் பரோஸ் தீவை அடுத்த பாறைகளில் மோதி மூழ்கி, 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பலைச் செலுத்தியவர்களின் பொறுப்பின்மையே முதற் காரணம் என்றாலும், அந்தக் கடல் எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

போகும் வழியைச் சொல்கிறேன். ஏதென்ஸ் விமான நிலையத்துக்கும் பிரேயஸ் துறைமுகத்துக்கும் இடையில் எக்ஸ் 96 என்ற பஸ் இரவு பகலாக ஓடுகிறது. 2022 ஒக்டோபர் முதல் மெட்ரோ ரயிலிலும் இடையில் மாறாமல் நேரே பிரேயஸ் வரை போகலாம். பஸ் கட்டணம் ரயிலை விடக் குறைவு. பெரிய பயணப்பெட்டிகளோடு போகும் வயதானவர்களுக்கு நான் பஸ்ஸையே சொல்வேன். மெட்ரோ நெரிசலில் பணப்பையைக் காப்பாற்றுவதே பெரும் பாடாகிவிடும். பிரேயஸ் மிகப் பெரிய துறைமுகம். அதன் வாசல்களுக்கு இலக்கம் இட்டிருக்கிறார்கள். நக்சோஸ், பரோஸ் முதலிய சிக்ளடிஸ் தீவுகளுக்கான கப்பல்கள் பெரும்பாலும் ஆறாம், ஏழாம் வாசல்களிலிருந்து புறப்படுகின்றன. உங்கள் கப்பலுக்குரிய வாசலின் இலக்கத்தை முதல் நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள். தவறான வாசலில் இறங்கினால் பெட்டியை இழுத்துக்கொண்டு நெடுந்தூரம் நடக்க நேரும்.

வழக்கமான பெரிய கப்பல் நக்சோஸை அடைய ஐந்து மணித்தியாலத்துக்கு மேலாகும். அதிவேகக் கப்பல் விரைவாகப் போகும். ஆனால் கட்டணம் கூடுதல், அலையில் ஆட்டமும் கூடுதல், வெளித்தளத்தில் நின்று காற்று வாங்கவும் பெரும்பாலும் இடம் இராது. வாந்தி வரும் சுபாவம் உள்ளவர்கள் பெரிய கப்பலில் போவதே நல்லது. பேரப்பிள்ளைகள் வந்தால், ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஐந்து முதல் பத்து வயது வரை அரைக் கட்டணம். கட்டணம் இல்லாத குழந்தைக்கும் சீட்டு எழுதி வாங்கவேண்டும். சீட்டிலுள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அப்பாவின் பெயரும் நம் பெயரும் இடம் மாறி எழுதப்படுவது நம்மவர்களுக்கு அடிக்கடி நேர்வது.

கப்பலில் ஏறும் விதத்தையும் இறங்கும் விதத்தையும் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பின்புறத்திலுள்ள இரும்புப் பலகை கரைமீது இறக்கப்பட்டதும் லொறிகள், கார்கள், மனிதர்கள் எல்லோரும் ஒரே வாயிலால் வாகனத் தளத்துக்குள் நுழைவார்கள். உள்ளே இரு பக்கமும் இரும்புத் தட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தீவின் பெயர். உங்கள் தீவின் பெயர் எழுதிய தட்டில் பெட்டியை வைத்துவிட்டு, கடவுச்சீட்டு, பணம், மருந்து உள்ள பையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மேலே போங்கள். பெயர்ப்பலகை கிரேக்க எழுத்தில் மட்டும் இருந்தால் தடுமாறவேண்டாம். ஆங்கில ‘பி’யின் பெரிய எழுத்தைப் போலிருப்பது அங்கே ‘ர’ ஒலி, ‘எச்’ போலிருப்பது ‘ஈ’ ஒலி என்ற இரண்டையும் தெரிந்துகொண்டாலே பாதிப் பலகைகளை வாசித்துவிடலாம். இறங்குவதற்குச் சற்று முன்னர் ஒலிபெருக்கியில் தீவின் பெயரைச் சொல்வார்கள். உடனே எழுந்து வாகனத் தளத்துக்கு இறங்கிவிடுங்கள். டீசல் மணமும் சங்கிலிச் சத்தமும் நிறைந்த அந்தத் தளத்தில் எல்லோரும் பெட்டியைப் பிடித்தபடி காத்து நிற்பார்கள். கப்பல் தீவில் நிற்பது சில நிமிடங்கள்தாம். மேலே தேநீரை முடித்துவிட்டு ஆறுதலாக வரலாம் என்று இருந்தவர்கள் அடுத்த தீவில் போய் இறங்கியிருக்கிறார்கள்.

கேள்வி: சுவிஸில் இருக்கும் அக்கா வீட்டில் மூன்று கிழமையும் கிரேக்கத் தீவில் ஐந்து நாளும் தங்கப்போகிறேன். இரண்டு விசா எடுக்கவேண்டுமா?
(வாசகி, லிந்துலை)

பதில்: இரண்டு நாடுகளும் ஷெங்கன் என்ற பொது விசா வலயத்தில் இருப்பதால் ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக நாட்கள் எந்த நாட்டில் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. ஆகவே உங்களுடையது சுவிஸ் விசா. 2024 யூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதியும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பம் எடுப்பார்கள். கோடைக்காலத்துக்கு எவ்வளவு முந்துகிறீர்களோ அவ்வளவு நல்லது. கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக வருகையையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறை 2025 ஒக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. எனவே விமானம் மாறும் இடத்தில் நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஷெங்கன் நாடுகளுக்கு இடையில் பறக்கும்போதும் கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: மகள் வீட்டார் பகல் முழுவதும் கடலில் இருப்பார்கள். சமையலும் கடைக்குப் போவதும் என் பொறுப்பாகத்தான் இருக்கும். எனக்குப் பிரஷர், சீனி இரண்டும் உண்டு. கடைகள் எத்தனை மணிக்குத் திறக்கும்? மருந்து வாங்கமுடியுமா?
(ஒரு தாய், தலவாக்கலை)

பதில்: அம்மா, தீவில் வெளிவேலை எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியம் இரண்டு, இரண்டரை மணியளவில் சிறிய கடைகள் மூடி, மாலை ஐந்தரைக்குப் பிறகுதான் மீண்டும் திறக்கும். சில கிழமை நாட்களில் மாலையில் திறக்காமலே விட்டுவிடுவதும் உண்டு. வங்கியும் தபாலகமும் பிற்பகலில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்தரை வரை ஓய்வு நேரம் என்று சட்டமே இருக்கிறது. அந்த நேரத்தில் மாடியில் துணி துவைக்கும் சத்தமோ பிள்ளைகளின் கூச்சலோ எழுந்தால் அயல்வீட்டார் முறையிடலாம். வெயிலும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். நுவரெலியா மாவட்டத்துக் குளிரில் பழகிய உடம்பு அதைத் தாங்குவது கடினம் என்பதால், அந்த மக்கள் செய்வதைப் போலவே நீங்களும் உள்ளே படுத்து ஓய்வெடுங்கள். இரவு ஒன்பது மணிக்கும் தெருவில் குடும்பங்கள் நடந்து திரியும்.

பேக்கரி விடியற்காலையிலேயே திறந்துவிடும். அங்கே கீரையும் வெண்ணெய்க்கட்டியும் வைத்துச் சுட்ட மெல்லிய அப்பங்கள் சூடாகக் கிடைக்கும். காலை ஆகாரம் அதிலேயே முடிந்துவிடும். தண்ணீர்ப் போத்தல், தொலைபேசி அட்டை, தினசரி முதலிய சில்லறைச் சாமான்கள் ‘பெரிப்தெரோ’ என்ற தெருமுனைப் பெட்டிக்கடையில் கிடைக்கும். எல்லாரும் மூடிய பிறகும் திறந்திருப்பது அதுதான். சுப்பர்மார்க்கெட்டுகள் பகல் முழுவதும் திறந்திருக்கும். சுற்றுலாத் தீவுகளின் துறைமுக நகரங்களில் கோடையில் ஞாயிற்றுக்கிழமையும் திறப்பார்கள். ஆனால் ஒகஸ்ட் 15ஆம் திகதி மாதாவின் பெருநாள். அன்றைக்கு வேண்டியதை 14ஆம் திகதியே வாங்கி வைத்துவிடுங்கள். உள்ளூர்க் கிராமங்களில் உருளைக்கிழங்கு, தர்ப்பூசணி, மீன் ஏற்றிய சிறு லொறிகள் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும். நம் லயத்துப் பக்கம் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண்காரரின் ஓட்டோவைப் போலத்தான். சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போய்விடவேண்டும். நக்சோஸ் தீவின் உருளைக்கிழங்கு கிரேக்கம் முழுவதும் பேர்போனது. நம் நுவரெலியாக் கிழங்கின் அருமை தெரிந்தவர்கள் அதை வாங்காமல் திரும்பக்கூடாது.

குழாய்த் தண்ணீர் பல தீவுகளில் உப்புக் கரிக்கும். கடல்நீரை நன்னீராக்கிக் கொடுக்கும் இடங்களும் உண்டு. குடிப்பதற்கும் தேநீருக்கும் போத்தல் தண்ணீரையே பயன்படுத்துங்கள். ஒன்றரை லீற்றர்ப் போத்தல்கள் ஆறு சேர்ந்த கட்டாக வாங்கினால் மலிவு, ஆனால் அந்தச் சுமையை நீங்கள் தூக்கவேண்டாம், மருமகனிடம் விட்டுவிடுங்கள்.

மருந்துக் கடைக்குப் பச்சை நிறச் சிலுவை அடையாளம். மூடியிருந்தாலும் அன்றைய இரவுக்கும் விடுமுறை நாளுக்கும் எந்தக் கடை திறந்திருக்கும் என்ற பட்டியல் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். மருந்தாளர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவார்கள். ஆனாலும் பிரஷருக்கும் சீனிக்குமான மாத்திரைகளை முழுப் பயணத்துக்கும் போதுமான அளவு, சில நாட்களுக்கு மேலதிகமாகவும், இங்கிருந்தே கொண்டுபோங்கள். வைத்தியரின் துண்டில் வணிகப் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து அங்கே வைத்தியர் துண்டு இல்லாமல் கிடைக்காது. கொடீன் கலந்த வலி மாத்திரைகளுக்கு அந்த நாட்டில் கடும் கட்டுப்பாடு இருப்பதால், துண்டு இல்லாமல் அவற்றைக் கொண்டுபோகவே கூடாது.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அங்கே கழிவறைகளில் தண்ணீர் வசதி எப்படி?
(வாசகி, நோர்வூட்)

பதில்: கூச்சப்பட எதுவும் இல்லை; இதைத்தான் எல்லாரும் கேட்கவேண்டும். கழுவுவதற்கான குழாய் பெரும்பாலான இடங்களில் இராது. கைப்பிடியுள்ள சிறு பிளாஸ்டிக் கோப்பை ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே போகும்போது வெற்றுப் போத்தல் ஒன்று போதும். மற்றொன்று: கடதாசியைக் கழிவுக்குழிக்குள் போடக்கூடாது. குழாய்கள் ஒடுக்கமானவை, அடைத்துக்கொள்ளும். பக்கத்திலுள்ள மூடிய வாளிக்குள்தான் போடவேண்டும்.

கேள்வி: நான் வான் சாரதி. ரம்பொடை வளைவுகளில் வருடக்கணக்கில் ஓடிய அனுபவம் உண்டு. தீவில் காரோ ஸ்கூட்டரோ வாடகைக்கு எடுத்து ஓட்டலாமா?
(வாசகர், நுவரெலியா)

பதில்: தம்பி, உங்கள் கைத்திறமையில் சந்தேகமில்லை. முதலில் பத்திரங்கள். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச அனுமதிப்பத்திரமும் வேண்டும்; அதைக் கொழும்பிலுள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் புறப்படுவதற்கு முன்னரே எடுக்கவேண்டும். ஸ்கூட்டருக்கு, மோட்டார் சைக்கிள் வகுப்பு அதில் பதியப்பட்டிருக்கவேண்டும். பத்திரத்தைப் பார்க்காமலே வண்டியைக் கொடுக்கும் கடைகளும் இருக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிடும், முழு நட்டமும் உங்கள் தலையில் விழும். வாடகைக் கார்களின் காப்புறுதியிலும் டயரும் அடிப்பாகமும் பெரும்பாலும் சேர்வதில்லை. எடுக்கும் முன்னர் வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு கீறலையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள்.

அடுத்தது, அங்கே வீதியின் வலப்பக்கம் ஓட்டவேண்டும். நேரான பாதையில் இது சில நிமிடங்களில் பழகிவிடும். ஆனால் ஒடுங்கிய மலைவளைவில் எதிரே திடீரென்று ஒரு லொறி வரும்போது, பழகிய கை தானாகவே வண்டியை இடப்பக்கம் திருப்பும். நம் மலைப்பாதைகளில் தேர்ந்தவர்களுக்கே இந்த அபாயம் அதிகம். ஏனெனில் உங்கள் கை யோசிக்காமல் வேலை செய்யப் பழகியது. முதல் நாள் மலைப்பக்கம் போகாமல் கரையோரத்திலேயே ஓட்டிப் பாருங்கள். ஸ்கூட்டர் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. மெல்தேமி வளைவுகளில் பக்கவாட்டாகத் தள்ளும், தாரின் மேல் மணல் பரவியிருக்கும். எடுத்தே தீருவதானால் தலைக்கவசம் இல்லாமல் ஒரு அடியும் நகராதீர்கள்.

உண்மையில் வாகனமே தேவையில்லாமல் நாட்களைக் கழிக்கலாம். தீவுகளில் ‘க்தெல்’ என்ற பஸ் சேவை உண்டு. நக்சோஸில் பஸ் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. கடற்கரைப் பக்கம் கோடையில் அடிக்கடி பஸ் ஓடும். ஹல்கி, பிலோதி, பளிங்குக்கல் பதித்த ஒழுங்கைகளைக் கொண்ட அபிராந்தோஸ் போன்ற மலைக் கிராமங்களுக்கு ஒரு நாளில் சில தடவைகள்தான். சீட்டை ஏறுவதற்கு முன்னரே நிலையத்திலோ கடையிலோ வாங்கிக்கொள்ளுங்கள். நேர அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், நிலையத்தில் ஒட்டியிருப்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதுதான் நம்பகமானது. கிராமத் தரிப்பிடத்தில் கையைக் காட்டினால்தான் சாரதி நிறுத்துவார். மலைக் கிராமத்திலிருந்து வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே கேட்டுவிடுங்கள். தீவில் டாக்சிகள் சொற்பம். விடியற்காலைக் கப்பலுக்குப் போவதானால் முதல் நாள் மாலையே தங்குமிடத்தாரிடம் சொல்லி ஒன்றை ஒழுங்குசெய்யவேண்டும்.

கேள்வி: தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலத்திலிருந்தே எனக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் சந்தோரினிக்குப் போகவேண்டும் என்கிறார்கள். படிகள் அதிகமாமே?
(வாசகி, மஸ்கெலியா)

பதில்: அம்மா, சந்தோரினியின் பழைய துறைமுகத்திலிருந்து பிரா நகரம் வரை ஏறத்தாழ 600 படிகள் உண்டு. ஆனால் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்கள் அங்கே நிற்பதில்லை. அவை அதினியோஸ் என்ற வேறு துறைமுகத்தில் நிற்கும், அங்கிருந்து பஸ் மேலே ஏற்றிச்செல்லும். பழைய துறைமுகத்துக்கு உல்லாசப் பயணக் கப்பல்களின் படகுகளே வரும். அங்கும் கம்பிவண்டி உண்டு. கழுதையில் ஏறலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். 2018இல் கழுதைகளின் மேல் ஏற்றும் எடைக்கு வரம்பு விதிக்கும் அளவுக்கு அவற்றின் நிலை பேசப்பட்டது. அந்த வழுக்கும் படிகளில் உங்களுக்கும் அது பாதுகாப்பல்ல. துறைமுகப் பிரச்சினை இப்படித் தீர்ந்தாலும், ஊருக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் படிதான். ஒரு பகல் போய்ப் பார்த்துவிட்டு, தங்குவதற்குப் பரோஸையோ நக்சோஸையோ தெரிவுசெய்யும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அங்கே கடற்கரை ஊர்கள் சமதரையில் இருக்கின்றன. வீடு எடுக்கும்போது எத்தனை படி ஏறவேண்டும் என்பதைக் கட்டாயம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் இருவரும் மரக்கறி மட்டுமே உண்பவர்கள். அங்கே பட்டினி கிடக்க நேருமா? கறித்தூள், கறிவேப்பிலை, நெய் கொண்டுபோகலாமா?
(தம்பதியர், கொட்டகலை)

பதில்: பட்டினிக்கு இடமே இல்லை. கிரேக்க ஓர்தொடொக்ஸ் திருச்சபையார் ஆண்டில் பல நாட்கள் விரதம் இருப்பவர்கள். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம், பல புதன், வெள்ளிக்கிழமைகள், ஒகஸ்ட் முதலாம் திகதி முதல் 14ஆம் திகதி வரை என்று இறைச்சியும் பாலும் முட்டையும் தவிர்க்கும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அதனால் கிழங்கு, கீரை, பருப்பு வகைகளில் அவர்களுடைய சமையல் செழிப்பானது. உணவகத்தில் ‘நிஸ்தீசிமோ’ என்று கேட்டால் விரத உணவைக் காட்டுவார்கள். ஒரு விடயத்தில் மட்டும் கவனம்: அவர்கள் விரதத்தில் மீன் விலக்கு என்றாலும் கணவாய், இறால், மட்டி விலக்கல்ல. ஆகவே கடலுணவும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். திராட்சை இலையில் சோறு சுற்றிய பண்டத்தில் இறைச்சி சேர்ந்ததும் உண்டு, சேராததும் உண்டு, கேட்டுத்தான் வாங்கவேண்டும்.

சந்தோரினியில் விளையும் ‘பாவா’ என்ற மஞ்சள் பருப்பை மசித்து, ஒலிவ் எண்ணெய் ஊற்றி, பச்சை வெங்காயம் அரிந்து போட்டுத் தருவார்கள். நம் பருப்புக் கறியை விரும்புபவர்களுக்கு முதல் வாயிலேயே அது பிடித்துவிடும். தக்காளிச் சாற்றில் வேகவைத்த பெரிய வெள்ளை அவரை, சிப்னோஸ் தீவில் சனிக்கிழமை இரவு அடுப்பில் வைத்து ஞாயிறு மதியம் எடுக்கும் கொண்டைக்கடலை, கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட பிரியாம், அவித்த காட்டுக்கீரை ஆகியவற்றையும் தேடிச் சாப்பிடுங்கள். உறைப்புத்தான் இருக்காது. ‘பூக்கொவோ’ என்று கேட்டால் உலர்ந்த மிளகாய்த் துகள் கொடுப்பார்கள். சுப்பர்மார்க்கெட்டில் புழுங்கல் அரிசியும் பலவகைப் பருப்பும் கிடைக்கும். சிவப்புப் பச்சையரிசியை எதிர்பார்க்கவேண்டாம்.

கறித்தூளும் மிளகாய்த்தூளும் கொண்டுபோகலாம். முத்திரையிட்ட பைக்கற்றாக இருந்தால் கேள்வி குறையும். கறிவேப்பிலையை விட்டுவிட்டுப் போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பச்சைத் தாவரப் பொருள் எதைக் கொண்டுபோவதானாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும் என்பது 2019 டிசெம்பர் முதல் விதி. அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டுமே விலக்கு. எலுமிச்சை, தோடை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும் என்பதால் அதில் கூடுதல் கண்டிப்பு. நெய், பால்மா, இறைச்சி ஆகியவற்றையும் பயணிகள் கொண்டுசெல்ல அனுமதியில்லை. மீன் உண்ணும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், மாசியும் கருவாடும் அந்தத் தடைக்குள் வரவில்லை.

தேயிலையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அங்கே கோப்பிதான் ஆட்சி செய்கிறது. மலைத் தேநீர் என்று உணவகத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து நம்மவர்கள் மகிழ்ந்து கேட்பார்கள். வருவது மலைச்சரிவில் வளரும் ஒரு மூலிகையின் தண்டையும் பூவையும் கொதிக்கவைத்த கஷாயம். தொண்டைக்கு இதமானது, ஆனால் கொழுந்தின் சுவை அதில் இல்லை. பால் தேநீர் போடுவதற்கு, கோப்பிக்கென்று அங்கே எல்லாக் கடையிலும் விற்கும் டின்பால், இனிப்புச் சேராத கெட்டிப் பால், மிகப் பொருத்தமானது.

கேள்வி: ஒகஸ்ட் 15ஆம் திகதி மடுமாதா திருவிழாவுக்குத் தவறாமல் போகிற குடும்பம் எங்களுடையது. இம்முறை அந்த நாளில் கிரேக்கத்தில் இருப்போம். தினோஸ் தீவில் பெரிய மாதா கோவில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். போய்வர முடியுமா?
(கத்தோலிக்கக் குடும்பம், பண்டாரவளை)

பதில்: போகலாம், ஆனால் இப்போதே ஏற்பாடு தொடங்கவேண்டும். 1823ஆம் ஆண்டு சனவரியில் நிலத்திலிருந்து தோண்டியெடுக்கப்பட்ட மாதாவின் திருவுருவப் படம் அங்கே இருக்கிறது. கிரேக்கம் முழுவதிலிருந்தும் மக்கள் நேர்த்திக்கடனோடு வருவார்கள். துறைமுகத்திலிருந்து கோவில் வரையான ஏற்றத்தில் முழங்காலில் தவழ்ந்து போகிறவர்களுக்கென்று வீதியோரம் விரிப்புப் போடப்பட்டிருக்கும். 15ஆம் திகதி படத்தைப் பவனியாகக் கொண்டுவரும்போது, அது தங்கள் மேலாகக் கடந்துபோகவேண்டும் என்று நோயாளிகளும் தாய்மாரும் வீதியில் வரிசையாகக் குனிந்திருப்பார்கள். கடற்படையும் அன்று மரியாதை செலுத்துகிறது. 1940ஆம் ஆண்டு அதே பெருநாளன்று தினோஸ் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த எல்லி என்ற போர்க்கப்பல் நீர்மூழ்கிக் குண்டால் தகர்க்கப்பட்டதன் நினைவு அது.

அந்த நாட்களில் தினோஸில் அறை கிடைப்பது மிகவும் கடினம். கோவில் முற்றத்திலேயே படுத்துறங்கும் யாத்திரிகர்கள் ஏராளம். பக்கத்துத் தீவான சீரோஸில் தங்கி, காலைக் கப்பலில் வந்து மாலையில் திரும்புவதுதான் குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஏற்றது. கடற்பயணம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். போகவும் வரவும் இரண்டு சீட்டையும் முன்னரே வாங்கிவிடுங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை அணியவேண்டும், செருப்பைக் கழற்றவேண்டியதில்லை. இது ஓர்தொடொக்ஸ் ஆலயம் என்பதால் கத்தோலிக்கர் அங்கே நற்கருணை வாங்கும் வழக்கம் இல்லை. மெழுகுதிரி ஏற்றிச் செபிக்க எவருக்கும் தடையில்லை. பூசை காணவேண்டுமானால் சீரோஸிலும் தினோஸிலும் பழைமையான கத்தோலிக்க ஊர்கள் இருக்கின்றன.

கேள்வி: பணத்தை எப்படிக் கொண்டுபோவது? சுவிஸ் சிம் அங்கே வேலை செய்யுமா?
(வாசகர், பதுளை)

பதில்: இலங்கை ரூபாவைத் தீவில் மாற்றமுடியாது; இங்கேயே யூரோவாக மாற்றிக்கொள்ளுங்கள், ஐந்து, பத்து, இருபது யூரோத் தாள்களாக. கடைகள் அட்டையை ஏற்கும். இலங்கை வங்கி அட்டையானால், வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடும்படி புறப்படுவதற்கு முன் வங்கிக்குச் சொல்லவேண்டும். பணம் எடுக்கும் இயந்திரம் ரூபாவில் கணக்கிடவா, யூரோவில் கணக்கிடவா என்று கேட்டால் யூரோவைத் தெரிவுசெய்யுங்கள்; மற்றதில் மாற்றுவீதம் உங்களுக்குப் பாதகமாக இருக்கும். தங்குமிடத்தில் அறைவாடகைக்கு மேல் நாளொன்றுக்கு அரசின் காலநிலைக் கட்டணம் அறவிடுவார்கள். 2025 முதல் ஏப்ரல்–ஒக்டோபர் காலத்தில் மூன்று நட்சத்திர விடுதி அறைக்கு 5 யூரோ, குறுங்கால வாடகை வீட்டுக்குப் பெரும்பாலும் 8 யூரோ. அதைக் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று வாதாடவேண்டாம்.

ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி சிம்களுக்கு 2017 முதல் கிரேக்கத்திலும் மேலதிக ரோமிங் கட்டணம் இல்லை. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் அந்தச் சலுகை சுவிஸ் சிம்முக்குப் பொருந்தாது. உங்கள் பொதியில் கிரேக்கம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையென்றால் ஏதென்ஸிலோ தீவிலோ கடவுச்சீட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கலாம். கொஸ், சாமோஸ் போன்ற கிழக்குத் தீவுகளுக்குப் போனால் கைத்தொலைபேசி துருக்கிக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு பெருந்தொகை கழித்துவிடும், வலையமைப்பைக் கையால் தெரிவுசெய்து வைத்திருங்கள். எந்த சிம் ஆனாலும் அவசரத்துக்கு அழைக்கவேண்டிய இலக்கம் 112. அம்புலன்சுக்கு மட்டும் என்றால் 166. இரண்டையும் தங்கியிருக்கும் வீட்டின் முகவரியோடு சேர்த்து ஒரு துண்டில் எழுதி, பெரியவர்கள் ஒவ்வொருவரின் பையிலும் வைத்துவிடுங்கள்.